பெரோவ்ஸ்கைட் குவாண்டம் புள்ளிகளும் டெல்டாவின் ஈரக்காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் குறைக்கடத்தி இயற்பியல் பாடம் நடத்துகிறேன். திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களும், அவர்களை அழைத்துவரும் பெற்றோரும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரும் வெவ்வேறு சமயங்களில் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்; சிலவற்றுக்குப் போதாது.

பெரோவ்ஸ்கைட் என்றால் என்ன? அது ஒரு கனிமமா, ஓர் அமைப்பா?

இரண்டும்தான். 1839 இல் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டு என்னும் கனிமத்தை ஜெர்மானியரான குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, ரஷ்யக் கனிமவியலாளர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னாளில் அதே அணு அடுக்கைக் கொண்ட எல்லாப் பொருள்களுக்கும் அந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. நாம் பேசப்போகும் பொருளில் கால்சியமும் இல்லை, டைட்டானியமும் இல்லை. நடுவில் ஒரு காரீய அயனி, அதைச் சுற்றி ஆறு ஹாலைடு (குளோரைடு, புரோமைடு அல்லது அயோடைடு) அயனிகள் என எண்முகி ஒன்று அமைகிறது. இந்த எண்முகிகள் மூலைக்கு மூலை கைகோத்து முப்பரிமாணச் சட்டமாக நிற்க, சட்டத்தின் இடைவெளிகளில் சீசியம் போன்ற பெரிய நேர்மின் அயனி உட்கார்ந்திருக்கும். சீசியம் காரீய ஹாலைடுகளுக்கு இந்த அமைப்பு உண்டு என்பதை டென்மார்க்கின் கிறிஸ்டியன் மோலர் 1958 இலேயே கண்டு எழுதினார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பொருள் பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. ஜப்பானின் மியாசாக்கா குழு 2009 இல் இதன் உறவுப் பொருளைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

குவாண்டம் புள்ளி என்பதை எளிதாக எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு நெல்மணியின் நீளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 10 நானோமீட்டர் அகலமுள்ள புள்ளிகளை வரிசையாக வைத்தால், அந்த ஒரு நெல்மணியின் நீளத்துக்கு எட்டு இலட்சம் புள்ளிகள் தேவைப்படும். குறைக்கடத்திப் படிகத்தை இவ்வளவு சிறியதாக்கும்போது, அதற்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கு உலவ இடம் போதாமல் போகிறது. தஞ்சாவூர் வீணையில் மேல் மெட்டுகளை நோக்கி விரல் நகர நகர, அதிரும் தந்தியின் நீளம் குறைந்து சுருதி உயர்வதைப் போல, புள்ளி சிறுக்கச் சிறுக்க அது உமிழும் ஒளியின் ஆற்றல் உயர்ந்து, நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. இத்தகைய புள்ளிகளைக் கண்டறிந்ததற்கும் உருவாக்கியதற்கும் பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் ஆகிய மூவருக்கும் 2023 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் வீணை உவமை பெரோவ்ஸ்கைட் விஷயத்தில் பாதி தூரம்தான் வரும். இங்கே நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது ஹாலைடு. அளவுக்கு இரண்டாம் இடம்தான். குளோரைடு என்றால் ஊதா, புரோமைடு என்றால் பச்சை, அயோடைடு என்றால் சிவப்பு. இரண்டைக் கலந்தால் இடைப்பட்ட நிறங்கள். தந்தியின் நீளத்தை மாற்றாமல் தந்தியையே மாற்றிப் போடுவது போன்றது இது. சூரிக்கில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் மாக்சிம் கோவலென்கோவின் குழு 2015 இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 15 நானோமீட்டர் வரையிலான சீசியம் காரீய ஹாலைடுப் புள்ளிகள் 410 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் நிறமாலை முழுவதையும் தழுவி ஒளிர்ந்தன. அதே ஆண்டில் இன்னொரு வியப்பும் தெரியவந்தது. பச்சையாக ஒளிரும் கரைசலில் அயோடைடு உப்பின் கரைசலைச் சேர்த்தால், சூடுபடுத்தாமலேயே புரோமைடு வெளியேறி அயோடைடு உள்ளே புகுந்து, சில விநாடிகளில் நிறம் மாறிவிடுகிறது. இந்தச் சௌகரியத்துக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிலைத்தன்மை பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

ஏற்கெனவே காட்மியம், இண்டியம் புள்ளிகள் இருக்கும்போது இது எதற்கு?

முதற் காரணம் நிறத்தூய்மை. ஒளிர்வு வளைவின் பாதி உயரத்தில் எடுக்கும் அகலம் கோவலென்கோ குழுவின் புள்ளிகளில் 12 முதல் 42 நானோமீட்டர் வரைதான் இருந்தது. பச்சை வெறும் பச்சையாகவே வருகிறது; மஞ்சளின் சாயலோ நீலத்தின் சாயலோ ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதி உயர் தெளிவுத் தொலைக்காட்சிக்கு வகுக்கப்பட்டுள்ள நிறத் தரம் பச்சைக்கு 532 நானோமீட்டரை எதிர்பார்க்கிறது. அதை எட்டக்கூடிய மிகச் சில பொருள்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது காரணமே எனக்கு அழகாகத் தெரிகிறது. காட்மியம் செலினைடு புள்ளியின் மேற்பரப்பில் ஓர் அணு விடுபட்டால், அந்தக் குழியில் எலக்ட்ரான் விழுந்து ஒளி தராமலே வெப்பமாகிவிடும். ஆகவே அதன்மேல் வேறொரு குறைக்கடத்தியை ஓடாகப் பொதிந்தாக வேண்டும். காரீய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில் ஆற்றல் பட்டைகள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுதிகள், அமைந்திருக்கும் விதத்தால், ஒரு புரோமைடு விடுபட்டாலும் அந்தக் குறை பெரும்பாலும் பட்டையின் ஓரத்தையொட்டியே நின்றுவிடுகிறது. நடு இடைவெளியில் ஆழமான பொறியாக மாறுவதில்லை. எனவே ஓடு ஏதும் இல்லாமலேயே, உள்வாங்கிய நூறு ஒளித்துகள்களுக்குத் தொண்ணூறு வரை திருப்பித் தரும் புள்ளிகள் தொடக்கத்திலேயே கிடைத்தன. குறைபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணத்தை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் குணம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தண்ணீரை அது பொறுப்பதே இல்லை.

இதைக் கொண்டு ஒளி தரும் சாதனத்தை எப்படி அமைக்கிறார்கள்?

இரு வழிகள் உண்டு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. முதல் வழியில் புள்ளிகளுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. வழக்கமான நீல எல்.இ.டி.யின் ஒளியை உள்வாங்கி, அதைப் பச்சையாகவோ சிவப்பாகவோ மாற்றித் தருவது மட்டுமே புள்ளிகளின் வேலை. இன்று கடைகளில் குவாண்டம் புள்ளி என்ற பெயரோடு விற்கும் தொலைக்காட்சிகள் பொதுவாக இந்த வகையையே சேர்ந்தவை. அவற்றில் இருப்பவையும் பெரும்பாலும் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகள். இந்த வழியில் பெரோவ்ஸ்கைட் புள்ளிகளைக் கண்ணாடிக்குள்ளோ நெகிழிப் படலத்துக்குள்ளோ புதைத்துவிடலாம் என்பதால் காப்பது எளிது.

இரண்டாம் வழியே கடினமானது. மின்கடத்தும் கண்ணாடியின் மேல், துளைகளை (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்; நேர்மின் துகள்போல நகர்பவை) அனுப்பும் அடுக்கு, அதன்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் புள்ளிகளின் படலம், அதன்மேல் எலக்ட்ரான்களை அனுப்பும் அடுக்கு, இறுதியில் உலோக மின்முனை என்று அடுக்குகிறார்கள். இரு பக்கமிருந்தும் வரும் எலக்ட்ரானும் துளையும் புள்ளிக்குள் சந்தித்து இணையும்போது ஒளி பிறக்கிறது. கீழே திறன் என்றும் ஆயுள் என்றும் நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

திறன் எந்த அளவுக்கு வந்திருக்கிறது?

உட்செலுத்திய நூறு எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள்கள் சாதனத்தைவிட்டு வெளியே வருகின்றன என்பதே புறக் குவாண்டம் திறன். 2014 இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்டு ஃபிரெண்டின் குழு அறை வெப்பநிலையில் ஒளிரும் பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி.யைக் காட்டியபோது, பச்சைக்கு அது 0.1 விழுக்காடு. 2015 இல் சீனாவின் ஹாய்போ செங் குழு சீசியம் காரீய புரோமைடு புள்ளிகளை வைத்தே செய்த முதல் சாதனம் 0.12 விழுக்காடு. 2018 இல் பச்சையும் அண்மை அகச்சிவப்பும் 20 விழுக்காட்டைத் தாண்டின. அதே ஆண்டு ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தார், நான் மேலே சொன்ன ஹாலைடு மாற்று உத்தியைக் கொண்டே, சிவப்புப் புள்ளிகளில் 21.3 விழுக்காட்டை எட்டினர். 2022 இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் தே-வூ லீ குழு பச்சையில் 28.9 விழுக்காட்டை அறிவித்தது.

இருபது, முப்பது என்பதைக் கேட்டு மதிப்பெண் போல எடைபோட வேண்டாம். பெரோவ்ஸ்கைட்டின் ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால், உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பங்கு முழு அக எதிரொளிப்பால் அடுக்குகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சமதள அமைப்பில் பொதுவாக நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் தப்பி வெளியே வரும். சிக்கிய ஒளியைப் படலமே மறுபடி உள்வாங்கி மறுபடி உமிழ்வதால் இன்னும் கொஞ்சம் வெளியேற வாய்ப்புக் கிடைக்கிறது. ஆகவே 20க்கு மேல் வந்துவிட்டது என்றால், உள்ளே நடக்கும் இணைவு கிட்டத்தட்ட முழுமையாகிவிட்டது என்று பொருள். எட்டே ஆண்டுகளில் 0.1 இலிருந்து 28.9 வரை வந்த பயணம் உண்மையிலேயே பெரிது. என் மாணவர்கள் இந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகும்போதுதான் எனக்கு நெருடுகிறது. அந்த வெளிச்சம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய அடுத்த கேள்வி.

நிலைத்தன்மையில் அப்படி என்ன சிக்கல்?

ஒன்றல்ல, பல சிக்கல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கின்றன.

அடிப்படைக் காரணம், இது அயனிப் பிணைப்பால் ஆன உப்பு. சிலிக்கானோ காலியம் நைட்ரைடோ அணுக்களை வலிய சகப்பிணைப்பால் கட்டி வைத்திருக்கின்றன. பெரோவ்ஸ்கைட் அவ்வாறு கட்டப்பட்டதன்று. வேதாரண்யத்து உப்பளத்தில் உப்பு எப்படி ஈரத்துக்கு இளகுகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளியின் மேல் நீர் பட்டால் முதலில் சீசியம் புரோமைடு கரைந்து வெளியேறுகிறது. எஞ்சுவது ஒளிராத வேறொரு காரீய புரோமைடுச் சேர்மம். சிறு துகளில் மேற்பரப்பின் பங்கு மிக அதிகம் என்பதால் இந்த அரிப்பு பெரிய படிகத்தைவிடப் புள்ளியில் விரைந்து நடக்கிறது.

அடுத்தது அயனிகளின் நடமாட்டம். சில விநாடிகளில் நிறம் மாற உதவிய அதே தளர்ச்சிதான் இங்கே எதிரியாகிறது. மின்னழுத்தம் கொடுத்தவுடன் எலக்ட்ரான்கள் மட்டும் நகர்வதில்லை; ஹாலைடு அயனிகளும் தம் இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்து, பக்கத்து அடுக்குகளுக்குள் புகுந்து, சில வேளை உலோக மின்முனையையே அரிக்கின்றன. புரோமைடும் அயோடைடும் கலந்த பொருளில் இது வேறொரு வடிவம் எடுக்கிறது. ஒளி பட்டவுடன் அயோடைடு ஒருபுறமும் புரோமைடு ஒருபுறமுமாகப் பிரிந்து, ஒரே நிறம் தரவேண்டிய சாதனம் இரண்டு நிறம் காட்டத் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் எரிக் ஹோக் 2015 இல் படலங்களில் இதை விவரித்ததால் இந்த விளைவு அவர் பெயரால் வழங்குகிறது.

சிவப்புக்கு என்று ஒரு தனித் தலைவலி உண்டு. சீசியம் காரீய அயோடைடு 300 டிகிரி செல்சியசுக்கு மேல் கறுப்பு நிறக் கனசதுரப் படிகமாக இருக்கும். அறை வெப்பநிலையில் அதற்குப் பிடித்த வடிவம் ஒளிராத மஞ்சள் நிறப் படிகம். காற்றில் ஈரம் இருந்தால் கறுப்பு மஞ்சளாவது இன்னும் விரைவாகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த மஞ்சள் வடிவத்துக்கு வழங்கும் பெயர் டெல்டா நிலை. டெல்டாவிலிருந்து வரும் மாணவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத ஆண்டு இல்லை. சிறியதாக்கினால் மேற்பரப்பு ஆற்றலின் துணையால் கறுப்பு நிலை அறை வெப்பநிலையிலும் தாக்குப்பிடிக்கிறது என்று 2016 இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார் காட்டினர். அயோடைடைப் பொறுத்தவரை, குவாண்டம் புள்ளியாக்குவது நிறத்துக்காக மட்டுமன்று, உயிர்பிழைக்கவும்தான்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. மின்னோட்டம் பாயும்போது சாதனம் தன்னால் சூடேறுகிறது. சூடேற ஏற ஒளிர்வு குறைகிறது. குறைந்த ஒளிர்வை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டினால் மேலும் சூடு.

புள்ளியைச் சுற்றி ஏதேனும் பூசிப் பாதுகாத்துவிட முடியாதா?

இந்தத் துறையின் மொத்தப் போராட்டமும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

புள்ளிகளைச் செய்யும் வழக்கமான முறையில், காரீய புரோமைடை ஒரு கொதிநிலை உயர்ந்த கரைப்பானில் கரைத்து, 140 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, அதற்குள் சீசியம் ஒலியேட்டைச் சட்டென்று செலுத்தி, சில விநாடிகளில் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிர்விப்பார்கள். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமல் தடுக்க ஒலியிக் அமிலமும் ஒலியில் அமீனும் ஈனிகளாக, அதாவது புள்ளியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் மூலக்கூறுகளாகச் சேர்க்கப்படும். ஒலியிக் அமிலம் நமக்கு அந்நியமானதன்று; கடலை எண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் இருக்கும் கொழுப்பமிலம்தான். பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள இந்தச் சங்கிலிகள் புள்ளியைச் சுற்றி நின்று காக்கின்றன.

ஆனால் அவற்றின் பிடி தளர்வானது. அமிலமும் அமீனும் தங்களுக்குள் புரோட்டானைப் பரிமாறிக்கொண்டு, மேற்பரப்பைவிட்டுக் கழன்றபடியும் ஒட்டியபடியும் இருக்கின்றன. மிகுதிக் கழிவை நீக்கப் புள்ளிகளைக் கழுவும்போது ஈனிகளும் கழுவப்பட்டு, ஒளிர்வு விழுகிறது. கழுவாமல் விட்டாலோ, கொழுப்புச் சங்கிலிகள் மின்கடத்தாப் போர்வையாக இருந்து எலக்ட்ரானை உள்ளே விடுவதில்லை. காக்கும் போர்வையே வழியையும் அடைக்கிறது. சிலிக்காவால் நன்றாகப் பொதிந்தால் புள்ளி தண்ணீரில்கூட ஒளிரும், ஆனால் மின்சாரத்தில் ஒளிராது. நீர்புகாத புள்ளி என்று தலைப்பிட்ட செய்தியைப் பார்த்தால், அது நீல ஒளியால் தூண்டப்பட்டதா மின்சாரத்தாலா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முந்தையதாகவே இருக்கும்.

இதற்குக் கண்ட தீர்வுகளில் முக்கியமானவை மூன்று. கழலக்கூடிய புரோட்டானே இல்லாத குட்டையான அம்மோனியம் உப்புகளை ஈனிகளாக மாற்றி வைப்பது முதலாவது. ஒரே மூலக்கூற்றில் நேர்மின் முனையும் எதிர்மின் முனையும் கொண்ட ஈனிகளைப் பயன்படுத்துவது இரண்டாவது. இரண்டு கைகளாலும் பிடிப்பதால் ஒரு கை நழுவினாலும் மற்றது விடாது. கோவலென்கோ குழு 2018 இல் இதைக் காட்டியது. மறு ஆண்டிலேயே சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தினையும் இதே வேலைக்குப் பயன்படுத்தியது. மூன்றாவது, 2022 இல் தே-வூ லீ குழு செய்தது. புள்ளிகளைத் தனியாகச் செய்து பூசாமல், பூசிய படலத்தின்மேல் ஒரு பாஸ்போனிக் அமிலக் கரைசலை விட்டார்கள். அது பெரிய படிக மணிகளுக்குள் ஊடுருவி அவற்றைச் சுமார் 10 நானோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தானே மெல்லிய ஓடாகச் சுற்றிக்கொண்டது. நீண்ட கொழுப்புச் சங்கிலி இல்லாததால் மின்னோட்டத்துக்குத் தடை இல்லை. என் கணிப்பில், இதுவரை வந்தவற்றில் மிகப் புத்திசாலித்தனமான வழி இதுவே.

30,000 மணி நேரம் ஆயுள் என்று படித்தேன். அதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எப்படி வந்த எண் என்று தெரிந்து நம்ப வேண்டும். மேலே சொன்ன 2022 சாதனத்தை யாரும் மூன்றரை ஆண்டுகள் எரியவிட்டுப் பார்க்கவில்லை. ஒரு சதுர மீட்டருக்கு 10,000 கேண்டலா என்ற மிகப் பிரகாசமான நிலையில் தொடங்கி, ஒளி பாதியாகக் குறைய எடுத்த நேரத்தை அளந்தார்கள்; அது 14 மணி நேரம். பிரகாசத்தைக் குறைத்தால் ஆயுள் ஓர் அடுக்குக்குறி விதிப்படி நீளும் என்று கொண்டு, 100 கேண்டலாவுக்கு 30,000 மணிக்கு மேல் எனக் கணக்கிட்டார்கள்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பிரகாசம் நூறில் ஒரு பங்காகிறது. அடுக்குக்குறி 1.5 என்றால் ஆயுள் நூறின் 1.5 ஆம் அடுக்கு, அதாவது 1,000 மடங்கு, அதாவது 14,000 மணி. அதே அடுக்குக்குறி 1.7 என்றால் ஏறத்தாழ 2,500 மடங்கு, அதாவது 35,000 மணி. நாளைக்கு எட்டு மணி நேரம் எரியும் விளக்குக்கு முதலாவது ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது பன்னிரண்டு ஆண்டு. அடுக்குக்குறியில் 0.2 மாறினால் வாங்குபவருக்கு ஏழு ஆண்டு மாறுகிறது. மேலும் 100 கேண்டலா என்பது மங்கலான திரை. நடுப்பகலில் தெருவில் நின்று பார்க்கும் கைப்பேசிக்கு அதைப்போல் பல மடங்கு தேவை. ஆயுள் எண்ணைப் பார்த்தால் அதனுடன் எந்தப் பிரகாசத்தில், எத்தனை விழுக்காடு குறையும் வரை, எந்த வெப்பநிலையில், காற்றிலா நைட்ரஜனிலா என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர் ஈரத்தில் இது தாங்குமா?

கேட்டவர் நாகப்பட்டினத்துக்காரர். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊர், காற்றில் உப்பும் உண்டு.

ஆய்வகங்களில் இச்சாதனங்களைக் கையுறைப் பெட்டி என்னும் மூடிய பெட்டிக்குள், பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஈரமும் ஆக்சிசனும் உள்ள நைட்ரஜனில் செய்கிறார்கள். பெட்டிக்குள் 14 மணி நேரம் நிற்பது வெளியில் எவ்வளவு நிற்கும் என்பது உறை எவ்வளவு நன்றாக மூடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கரிம எல்.இ.டி. திரைகளுக்கு, ஒரு சதுர மீட்டர் உறை வழியாக ஒரு நாளில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல். பெரோவ்ஸ்கைட்டுக்கும் அதற்கு நிகரான காப்பு வேண்டியிருக்கும். கண்ணாடியால் மூடினால் இது இயலும். நமக்குப் பயன்படும் சோதனை, 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்துப் பார்ப்பது. அந்தத் தேர்வில் தேறியதாகச் சொல்லாத பொருளை நாகப்பட்டினத்தில் மாட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் மாணவர் ஒருவர் தயாரித்த புரோமைடுக் கரைசல், புற ஊதா விளக்கின் கீழ் வாழைக்குருத்துப் பச்சையில் மின்னியது. விடுமுறை முடிந்து அடைமழைக்கு இடையே திரும்பி வந்து பார்த்தபோது, தக்கை சரியாக மூடாத குப்பி வெள்ளைக் கலங்கலாகவும், இறுக மூடிய குப்பி பழைய பச்சையாகவும் இருந்தன. ஒரே நாளில், ஒரே கையால் செய்த இரண்டு குப்பிகள் அவை.

காரீயம் இருக்கிறதே, வயலுக்கும் ஆற்றுக்கும் ஆபத்தில்லையா?

முதலில் பெயர்க் குழப்பம். கும்பகோணத்தில் ரசம் வைக்க வாங்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசுவது நச்சுத்தன்மையுள்ள காரீயம். இரண்டும் வேறு தனிமங்கள்.

அளவைக் கணக்கிடுவோம். 30 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் சீசியம் காரீய புரோமைடுப் படலத்தின் எடை ஏறத்தாழ 0.14 கிராம், அதில் 36 விழுக்காடு காரீயம் என்பதால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம். 43 அங்குலத் திரைக்கு அதில் பாதி. மின்வெட்டுக்காக வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் மின்கலத்தில் பல கிலோ காரீயம் இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீட்டைக் காட்டிச் சிலர் பேச்சை முடித்துவிடுவது சரியன்று. மின்கலத்தை எடைபோட்டு வாங்கிச் செல்ல ஆள் இருக்கிறார். உடைந்த திரையை வாங்க ஆள் இல்லை, அது வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும். மின்கலத்தில் இருப்பது பெரும்பாலும் எளிதில் கரையாத காரீயம். இங்கே இருப்பது நீரில் சிதைந்து காரீய அயனியை வெளியிடும் உப்பு.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள், பகுக்க இயலாத ஒரே சீரான பொருளில் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயமோ, 0.01 விழுக்காட்டுக்கு மேல் காட்மியமோ இருக்கக் கூடாது என்கின்றன. நெகிழியில் மிக நீர்த்த அளவில் கலந்த நிறமாற்றுப் படலம் இந்த வரம்புக்குள் நிற்க இடமுண்டு. மின்சாரத்தால் ஒளிரும் வகையில் உமிழும் அடுக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் என்பதால், விலக்கு இல்லாமல் அது நிற்பது கடினம்.

காரீயம் இல்லாமல் செய்ய முடியாதா?

வெள்ளீயத்தை வைத்து முயன்றார்கள்; காற்று பட்டதும் அது இரண்டிணைதிறனிலிருந்து நான்கிணைதிறனுக்கு ஏறிவிடுவதால் குறைபாடுகள் பெருகுகின்றன. வெள்ளியும் இண்டியமும் சேர்ந்த இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டுகள் அகன்ற வெண்ணொளியையும், தாமிர அயோடைடுச் சேர்மங்கள் நல்ல நீலத்தையும் தருகின்றன. ஆனால் இவற்றின் ஒளிர்வு அகன்றது. குறுகிய நிறத்துக்காகத்தான் காரீயப் புள்ளியைத் தேடிப் போனோம் என்பதை நினைத்தால், இவை வேறு வேலைக்கான பொருள்கள்.

நீலம் ஏன் பின்தங்கியிருக்கிறது?

குளோரைடு சேர்த்தால்தான் நீலம் வரும். குளோரைடு விடுபட்ட குழி, புரோமைடுக் குழியைப்போல் சாதுவானதன்று, ஒளியை விழுங்குகிறது. கலந்தால் பிரிந்துவிடும் சிக்கல் வேறு. குளோரைடே இல்லாமல் புரோமைடுப் புள்ளியை 7 நானோமீட்டருக்கும் கீழே மிகவும் சிறிதாக்கி நீலம் பெறலாம். அங்கே வீணை உவமை முழுமையாகப் பொருந்தும். ஆனால் அவ்வளவு சிறிய புள்ளிகளை ஒரே அளவில் செய்வது கடினம்.

வீட்டு விளக்காக எப்போது வரும்? குத்துவிளக்குக்கு மாற்றாகப் பொருத்த முடியுமா?

இது நாச்சியார்கோவில் பெரியவரின் கேள்வி. வீட்டு வெளிச்சத்துக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்றைய வெள்ளை எல்.இ.டி. பல்பு, நீலச் சில்லும் அதன்மேல் மஞ்சள் ஒளிர்பொருளும் சேர்ந்தது. அந்த நீலத்துக்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா 2014 இன் இயற்பியல் நோபலைப் பெற்றார்கள். அது மலிவானது, திறன்மிக்கது, ஈரத்துக்கும் அஞ்சாதது. நம் பக்கத்தில் பல்பு கெடுவது பெரும்பாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் உள்ளிருக்கும் மின்சுற்று போவதால்தான். பெரோவ்ஸ்கைட் அதற்கு மருந்தன்று. குறுகிய நிறங்களின் அருமை திரையில்தான் தெரியும், கூடத்தில் அன்று. பித்தளை விளக்கில் நல்லெண்ணெய்த் திரியே இருக்கட்டும்.

நெல் வயலில் விளக்குப் பொறிக்குப் பயன்படுமா?

தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் விளக்குப் பொறிகளைக் குறுவையிலும் சம்பாவிலும் வைப்பது வழக்கம் என்பதால் இக்கேள்வி எழுகிறது. பூச்சிகளை நன்கு ஈர்க்கும் புற ஊதா ஒளியைக் காரீய ஹாலைடுப் புள்ளிகளால் தர இயலாது. குளோரைடின் 410 நானோமீட்டர் ஊதாவே அதன் எல்லை. அதற்கு இப்போதுள்ள எல்.இ.டி.களே போதும். காரீயம் உள்ள சாதனத்தை நாற்றங்கால் நடுவில் நட்டுவைக்க நான் உடன்பட மாட்டேன்.

இந்தியாவில் யார் இதைச் செய்கிறார்கள்? எங்கள் கல்லூரியிலேயே செய்து பார்க்கலாமா?

புணேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அங்சுமான் நாக், கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் நாராயண் பிரதான், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரஞ்சனி விஸ்வநாதா ஆகியோரின் குழுக்கள் இத்துறையில் தொடர்ந்து பணியாற்றுபவை. மேற்படிப்புக்குப் போக விரும்புவோர் அவர்களுடைய கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம்.

கல்லூரியில், உயர் வெப்பம் தேவைப்படாத மறுவீழ்படிவு முறையில் புள்ளிகளைச் செய்ய முடியும். உப்புகளை டைமெத்தில்ஃபார்மமைடில் கரைத்து, ஈனிகளோடு சேர்த்து, வேகமாகக் கலக்கப்படும் டொலுயீனில் சொட்டுச் சொட்டாக விட்டால், அறை வெப்பநிலையிலேயே பச்சை ஒளிர்வு தோன்றிவிடும். டைமெத்தில்ஃபார்மமைடு தோல் வழியாகவே உடலுக்குள் போகும். காரீய உப்பு வேறு. புகைப்போக்கி உள்ள மேடையும், பொருத்தமான கையுறையும், ஆசிரியர் ஒருவரும் உடன் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. கழுவிய நீரையும் பழைய குப்பிகளையும் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கொள்கலனில் சேர்த்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்; எங்கள் ஆய்வகத்தின் வடிகால் அரசலாற்றுக்குத்தான் போகிறது. செய்த நாளின் ஈரப்பதத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், ஏனெனில் சித்திரையில் கிடைத்த முடிவு கார்த்திகையில் கிடைக்காது.